ஊட்டுப் பிரசவமும் நாலு மணி நேரமும்

என் மாமியார் எனக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்தபோதுதான், டெஸ்ட் ரிசல்ட்டை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. எனக்கு ஒன்பதாவது மாதம் பிறந்திருந்தது. சேலத்து டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில் எடுத்து அனுப்பிய பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்திருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாசிட்டிவ் என்றால் எங்கள் மலைக் கிராமமான வெள்ளக்கடையில் ஒரே அர்த்தம்தான். மாமியார் பீரோவின் அடியிலிருந்து ஒரு பழைய மாஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அறை வாசலில் நின்றபடியே பேசினார்.

“பதினாலு நாளைக்கு உள்ளயே இருந்துக்க கண்ணு. சோத்த நானு கதவுகிட்ட வெச்சுட்டுப் போறேன்.”

பதினாலு நாள் சமைக்க வேண்டாம், சோறு கதவுக்கே வரும். மறுப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம்தான் உட்கார வைத்து விளக்கினேன்.

அதன் பெயர் குரூப் பி ஸ்ட்ரெப். எத்தனையோ பெண்களின் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிற ஒரு கிருமி. சுத்தமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அதனால் ஒரு தும்மல்கூட வராது. பிள்ளை வெளியே வரும்போதுதான் வழியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டினாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகிற சிலருக்கு ரத்தத்தில், நெஞ்சில், சில சமயம் மூளைவரை போய்விடும். இப்போதே மாத்திரை போட்டு விரட்ட முடியாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். விரட்டினாலும் பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிடும் என்றார். வலி எடுத்ததும் கை நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்னால் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று கையில் குத்திப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். “மலையிலருந்து வரணும். வழியில ஏதாவது தாமதம்னா ஏற்காடு ஆஸ்பத்திரியில இதக் காட்டி முதல் டோஸ் போட்டுட்டு வாங்க. ஆனா வந்துரணும்.”

வந்துவிடுகிறேன் என்று தலையாட்டினேன். அந்தச் சீட்டை வாங்கும்போதே அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். ஏனென்றால் இந்தப் பிள்ளையை வீட்டில் பெற்றுக்கொள்வது என்று நான் தீர்மானித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். மூத்தவளை அப்படித்தான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பெற்றேன். பெயர் எதற்கு, நல்ல ஆஸ்பத்திரிதான், பிள்ளையும் நன்றாகத்தான் பிறந்தாள். ஆனால் பதினோரு மணி நேரம் தனியாகக் கிடந்தேன். அம்மாவை விடவில்லை, வீட்டுக்காரரை விடவே இல்லை. கத்தினால், “பக்கத்துக் கட்டில்ல பாரு, அந்தப் பொண்ணு உன்னாட்டமா கத்துது?” என்று ஒரு அம்மாள் அதட்டினார். பக்கத்துக் கட்டில் பெண் மயக்கத்தில் இருந்தாள். இந்தத் தடவை புருஷன் வீட்டுப் பிரசவம், என் இஷ்டம். என் கட்டில், என் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எங்கள் காப்பிச் செடிகள், திட்டுவதற்கு வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில். வேறென்ன வேண்டும்.

துணைக்கு ஆளும் இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. சேலத்தில் பிரசவ வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவர். இப்போது ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் தன் வீட்டுக்காரரோடு மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்களையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். டெஸ்ட்டுக்கு முன்பே அவரை முக்கால்வாசி கரைத்து வைத்திருந்தேன். ரிசல்ட்டைப் பார்த்ததும் பழையபடி கெட்டியாகிவிட்டார்.

“இனிமே அந்தப் பேச்சே எடுக்காத கண்ணு. ஊட்டுல வேண்டாம்.”

நான் அவர் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு நாள் இல்லை, வாரத்தில் மூன்று நாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி கடை வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டால் எந்த வியாபாரமும் நடக்காது. மருந்து வாங்க வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க நர்ஸம்மா, இந்தப் புள்ளைய முதல்ல பாருங்க” என்று ஒதுங்கி நின்றார்கள். இரண்டாவது வாரம் அண்ணி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“சுருக்குன்னு ஒரு குத்து குத்துனாலும் எனக்குப் போன் வரணும். அது பொய் வலியா மெய் வலியான்னு நீ பாக்காத, நானு பாத்துக்கறேன். மருந்து போயி நாலு மணி நேரம் ஆவணும், அதுல ஒரு நிமிசம் கொறையக் கூடாது. அப்பறம், நானு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன்னா கெளம்பிரணும். அப்ப எங்கிட்ட நாயம் பேசிக்கிட்டு நிக்கக் கூடாது. செடிகிட்டப் போயிக் குனியறது, நிமிர்றது, ஒண்ணும் கூடாது.”

“சரீங்க அண்ணி” என்றேன். அந்த நிமிஷம் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கல்யாணக் களை. டாக்டரம்மா கொடுத்த சீட்டை வைத்து அண்ணி கடையிலேயே மருந்தை வாங்கி வைத்தோம். அறையை மூன்று தடவை கழுவினோம். துணிகளை வெந்நீர் அண்டாவில் போட்டு வேக வைத்து வெயிலில் உலர்த்தினோம். மருந்து பாட்டிலை எங்கே தொங்கவிடுவது என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. கட்டிலுக்கு மேலே சரியான உயரத்தில் ஒரு ஆணி இருந்தது. ஆனால் அதில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. சாமியை இறக்கிவிட்டு ஊசி மருந்தை மாட்டுவதா என்று மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். முருகன் பிரசவத்தைப் பார்க்க வேண்டாமா, எதிர்ச் சுவரில் மாட்டினால்தானே அவருக்கு வசதி என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். ஒத்திகைக்காகத் தண்ணீர் பாட்டில் ஒன்றை அந்த ஆணியில் மாட்டிப் பார்த்தோம். ஆணி, பாட்டில், ஒரு கை சுண்ணாம்பு எல்லாம் தலையணைமேல் விழுந்தன. மறுநாள் வீட்டுக்காரர் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பியை வளைத்துச் சுவரில் அறைந்தார். அதில் ஒரு ஆளையே தொங்கவிடலாம்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஸ்கூட்டியில் வருகிற கிராம சுகாதார நர்ஸ் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே என்னை வண்டியில் ஏற்றிவிடுவார். வீட்டுப் பிரசவம் என்றால் அவருக்குத்தான் முதலில் மேலிடத்திலிருந்து கேள்வி வரும்.

“இது என்னத்துக்குங்க?”

“தொட்டில் கட்டறதுக்குங்க” என்றார் மாமியார்.

சுவரில் யாரும் தொட்டில் கட்டியதில்லை. சுகாதார நர்ஸ் கம்பியையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிரசவத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சேலம் போகிறோம் என்றேன். முகம் மாறாமல் பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். எழுதிக்கொண்டு போனார்.

தை மாதம், காப்பிப் பழம் பறிப்பு. இந்தக் காலத்தில் எங்கள் மலையில் இடுப்பு வலி இல்லாத பொம்பளை கிடையாது. காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்க மாட்டார்கள், இடுப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். பஸ்ஸில் ஏறினால் முழுக்க வலி தைலம் மணக்கும். அந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசைச் செடியில் பழம் பழுத்துக் கருத்து உதிரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க என்னால் முடியவில்லை. அண்ணி சொன்னது நினைவில் இருந்தது. இரண்டு வரிசைதானே என்று கூடையை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி காதுக்குப் போகக் கூடாது என்று மாமியாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இடுப்பில் வலி எடுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை மாமியார் பார்த்தார்.

“நேத்துப் பழம் பறிச்சியல்ல, அதான். வெந்தண்ணி ஊத்திக்க, செரியாப் போயிரும்.”

வெந்நீர் ஊற்றிக்கொண்டேன். தைலம் தேய்த்துக்கொண்டேன். வலி போனது. மறுபடி வந்தது. பறிப்பு வலி இப்படி விட்டு விட்டு வராது, பிடித்தால் பிடித்தபடி நாள் முழுக்க நிற்கும். ஒரு பிள்ளை பெற்றவளுக்கு இது தெரியாமலா இருக்கும். ஆனால் அண்ணிக்குப் போன் போட்டால் முதல் கேள்வி நேற்று என்ன செய்தாய் என்பதாக இருக்கும். செடிப் பக்கம் போனேன் என்று தெரிந்தால் திட்டமே ரத்து, நேராகச் சேலம். அதனால் இது பறிப்பு வலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூத்தவளுக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பினேன். இட்லி தின்றேன். வீட்டுக்காரர் களத்தில் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தார், அவரிடம்கூடச் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நாலு மணி நேரம் எப்படியும் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு அரை மணிக்கும் நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் துணி துவைக்கும் கல் பக்கத்தில் பனிக்குடம் உடைந்தது. அதைப் பறிப்பு வலி என்று சொல்ல மாமியாராலும் முடியவில்லை.

அண்ணி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பன்னிரண்டரைக்குள் வந்துவிட்டார், எப்படி ஓட்டினாரோ தெரியாது.

“எப்ப இருந்து வலி?”

“இப்பத்தானுங்க. பன்னெண்டு மணிக்கு.”

பரிசோதித்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. “அரை மணியில இவ்வளவு தூரமா? ரெண்டாவதுன்னாலும் நொம்ப வெரசா இருக்குதே.” சேலம் போக நேரமில்லை, ஏற்காடு போவதற்குள் வழியிலேயே பிறந்துவிடும் என்று கணக்குப் போட்டார். கையில் ஊசியைக் குத்தி, பாட்டிலைக் கம்பியில் மாட்டி, மருந்தை ஏற்றினார். கம்பி கொஞ்சமும் அசையவில்லை. வீட்டுக்காரர் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அவரைத் தண்ணீர் காய்ச்ச விரட்டினார்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பையன் பிறந்தான். நான் ஆசை தீரக் கத்தினேன். வீட்டுக்காரர் கையை நகம் பதிகிற மாதிரி பிடித்திருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்தது. பையனைத் துடைத்து என் மார்பில் போட்டார்கள்; சிவப்பாக, கோபமாக இருந்தான். நான் கேட்டது எல்லாம் அப்படியே கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை, இதை மறைப்பானேன்.

அண்ணி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மருந்து போயி ஒரு மணி நேரந்தான் ஆச்சு. கெளம்பு.”

“பாருங்க, எப்படிப் பால் குடிக்கறான்” என்றேன். “நல்லாத்தான இருக்கறான். கொஞ்ச நேரம் ஊட்டுல இருந்துக்கறமுங்க.” நாயம் பேச மாட்டேன் என்று சொன்ன வாயால் அரை மணி நேரம் நாயம் பேசினேன். அழுதும் காட்டினேன். மாமியாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அண்ணி தளர்ந்துபோய், சரி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பையனின் மூச்சை எண்ணினார். நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு. சிறிது நேரம் கழித்து ஐம்பத்தி நாலு. நாலு மணிக்கு எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார்.

“அறுபத்தி எட்டு” என்றார். “அறுபதுக்கு மேல போவக் கூடாது சாமி.”

பையன் மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானே அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.

நூற்றியெட்டு வண்டி வந்து ஏற்றிக்கொண்டது. ஒண்டிக்கடை தாண்டி மலை இறங்கும்போது எதிரே டூரிஸ்ட் கார்கள் வரிசையாக ஏறின. வளைவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சைரன் கேட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அண்ணி தையல் போட்ட இடம் உயிரை எடுத்தது. பையனின் முகத்தில் குட்டியாக ஒரு ஆக்ஸிஜன் மாஸ்க். அண்ணி அடிவாரம் வரும்வரை அவன் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருட்டுவதற்குள் சேலத்தில் பச்சைக் குழந்தைகளுக்கான வார்டில் சேர்த்துவிட்டோம்.

ரத்தப் பரிசோதனையில் அதே கிருமி வந்தது. மூளைக்குப் போகவில்லை. அது ஒன்றுதான் நல்ல சேதி. கண்ணாடி அறைக்குள் அவன், வெளியே பெஞ்சில் நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கக் கூப்பிடுவார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். மூன்றாம் நாள் மூச்சு இறங்கியது. நாலாம் நாள் தானாகப் பால் குடித்தான்.

அண்ணி தினமும் மலையிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு டிபன் பாக்ஸில் சோறு கொண்டுவருவார், எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார், தான் ஒரு வாய் தொட மாட்டார். டாக்டர் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, எல்லாம் தன் தப்பு என்று சொல்வார். “வேகமா வர்ற புள்ளைன்னு நானு முன்கூட்டியே கணிச்சிருக்கணுமுங்க. பதினோரு வருசம் வார்டுல இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சு.” என் வீட்டுக்காரரிடம், இனி ஊசியைக் கையால் தொட மாட்டேன், கடையில் மாத்திரை மட்டும் விற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாராம். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழியைத் தனியாகச் சுமக்க வேண்டுமே என்று பயம். அந்தப் பயத்துக்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

ஆறாம் நாள் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். ஊசி இன்னும் நாலு நாள், அப்புறம் வீட்டுக்குப் போகலாம், பையன் கெட்டிக்காரன் என்றார். பையன் பிழைத்துவிட்டான் என்று உறுதியானதும்தான் எனக்கு வாய் வந்தது. அன்று மத்தியானம் அண்ணி டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தார். நான் திறக்கவில்லை.

“அண்ணி, அன்னைக்கு எனக்குக் காத்தால ஆறு மணிக்கே வலி வந்துருச்சுங்க. மொதநாளு பழம் பறிச்சேன். நீங்க வைவீங்க, சேலம் கூட்டிட்டுப் போயிருவீங்கன்னு சொல்லலீங்க.”

அண்ணி இடது கை விரல்களை மடக்கத் தொடங்கினார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்து மணிக்கு வந்தபோது நாலு விரல் மடங்கியிருந்தது, மருந்துக்கு வேண்டியிருந்த நாலு மணி நேரம். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். எனக்கு திட்டினால் தேவலை என்றிருந்தது.

“ஆறு நாளா எனக்குச் சோறு எறங்கல கண்ணு” என்றார் கடைசியில். “எதுத்தாப்பல உக்காந்து நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த.”

“ஆமாங்க” என்றேன்.

என் மடியிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியைத் திறந்தார். எனக்குக் கொண்டுவந்த சோற்றை, தண்ணீர்கூடக் குடிக்காமல், முழுவதும் தின்றார். முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.